ஒன்பதாம் பிரிவு

வக்கீல் ஜனாஹி அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலி.
வந்த விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று.
நகலெடுத்துக் கோப்பில் போட்டவன் நான்,
நாற்பத்திரண்டாவதை
என் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டு.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர்.
தலால், லீட்ஸில் சட்டம் படித்துவிட்டு வந்தவன்.
பதூல், சித்ராவிலிருந்து தினமும் பஸ் ஏறி
இங்கேயே படித்து முடித்தவள்.
ஸலாம் சொல்லிக்கொண்டார்கள்,
எதிர்த்தரப்பு வக்கீல்கள் சொல்வதுபோல.

தண்ணீர் எந்திரத்தின் பக்கத்தில் அவன்:
‘உங்கள் பேராசிரியர்கள் இப்போதும்
மனப்பாடம்தான் கேட்கிறார்களா?’
அவள்:
‘மனாமா வாடகை வழக்கு
லீட்ஸில் எத்தனையாவது அத்தியாயம்?’
பேப்பர் கப் நசுங்கும் சத்தம்.
நான் சிரிக்கவில்லை.
அதற்கு எனக்கு விசா இல்லை.

என் பெயர் இசக்கியப்பன்.
ஜனாஹி வாயில் அது ‘ஈஸா’வோடு நின்றுவிடும்.
திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி, ஐந்து வருடம்.
பதிவு எண் உண்டு.
கறுப்பு கவுனும் உண்டு, குதைபியா அறையில்
ஆறு பேர் சட்டைகளுக்கு அடியில்
ஒரே ஆணியில்.
விசாவில் என் தொழில் தட்டச்சர்.
அரபு, ஒன்பது வருடமாகத் தட்டித் தட்டி
விரல் வழியாக ஏறியது.

இருவருக்கும் ஒரே தேர்வு:
ஒரு கட்டுமானக் கம்பெனியின் வேலை ஒப்பந்தம்,
இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபு,
நடுவில் பங்காளிச் சுவர்போல ஒரு கோடு.
பிழை கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

ஒன்பதாம் பிரிவு ஆங்கிலத்தில் சொல்கிறது:
ஊர் திரும்ப டிக்கெட், கம்பெனி செலவு.
அரபில் ஒன்பதாம் பிரிவு
விடுமுறை நாட்களைப் பற்றிப் பேசிவிட்டு
முடிந்துபோகிறது.
கடைசிப் பக்கத்தில் வழக்கமான வரி:
முரண் வந்தால் அரபுப் பாடமே செல்லும்.

அது பிழையல்ல.
அப்படித்தான் அடிக்கச் சொன்னார்கள்.
என் எதிர்க்கட்டில் லூர்துராஜ் அந்தக் கம்பெனிதான்.
முதுகு போய் ஊருக்குக் கிளம்பியபோது
டிக்கெட்டுக்கு அறையில் வசூல் செய்தோம்.
நான் பதினைந்து தினார் போட்டேன்,
மற்றவர்களைவிட ஐந்து கூட.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

பதூல் ஒன்பதுக்குக் கீழே
சிவப்பில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.
ஓரத்தில் அரை பக்கத்துக்கு விளக்கம் வேறு.
தலால் பதினோரு எழுத்துப்பிழை பிடித்திருந்தான்,
எல்லாம் நியாயமான பிழைகள், என் பிழைகள்.
ஒன்பதுக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சிலில் ஏதோ கேள்விக்குறி.
அழித்திருந்தான்.

வேலை தலாலுக்கு.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?
அவன் ஒரு தடவை அழித்தான்.
நான் ஒன்பது வருடமாக அடிக்காமல் விடுகிறேன்.

லிஃப்ட் வர நேரமானது.
‘அவன் பார்த்தானா, ஒன்பதை?’ என்றாள் பதூல்.
பதில் வேண்டிக் கேட்டதுபோல் இல்லை.
தெரியாது என்பதற்கு
அரபில் எனக்கு மூன்று விதம் தெரியும்.
பிறகு தன் விடைத்தாளின் நகல் கேட்டாள்.
வெளியே கொடுக்கக் கூடாது, அதுதான் இங்கே வழக்கம்.

உள்ளே போனேன்.
அவள் தாளை முதலில் வைத்தேன்.
அடுத்து அவன் தாள்.
அழித்த பென்சில் சாதாரணமாக நகலில் விழாது.
எந்திரத்தில் கறுப்பைக் கூட்டும் பொத்தான் ஒன்று உண்டு,
ஒன்று முதல் ஏழு வரை.

ஆறில் வைத்துப் பார்த்தேன்.
சரியாகத் தெரியவில்லை.